கேளுங்கள் அண்ணாச்சி: கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வீணை

போன இதழின் உள்ளட்டையில் அருங்காட்சியக வீணை ஒன்றின் படத்தைப் போட்டிருந்தோம். யாளி முகம், கறுத்த பலாமரம், தளர்ந்து தொங்கும் தந்திகள், கீழே இரண்டு வரி விளக்கம். அவ்வளவுதான் போட்டது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் பார்த்தால், தாமிரபரணிக் கரையில் வீட்டுக்கு வீடு பரணில் ஒரு வீணை படுத்திருக்கும் போலிருக்கிறது. பட்டா, பென்ஷன் கேள்விகள் அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் உங்களுக்குத்தான் முதல் இடம். இந்த முறை முழுக்க வீணை.

வாசகி, கல்லிடைக்குறிச்சி: அண்ணாச்சி, படத்தில் இருந்த வீணைக்குத் தந்தி தொங்குகிறது, தந்தியை வைத்து அழுத்துகிற மெட்டுக் கம்பி நாலைந்தைக் காணோம். பேரப்பிள்ளைகளோடு வெளியூரில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தபோது அங்கேயும் இதே கோலம். இவ்வளவு பெரிய கட்டடம், வாசலில் காவலாளி, ஒரு தந்தி வாங்கிப் போட ஆளில்லையா? சரஸ்வதி கையில் இருக்கிற வாத்தியத்தை இப்படிப் பார்க்க மனசு கேட்கவில்லை.

கேட்காதுதான் அம்மா. ஆனால் தந்தியைத் தளர்த்தி வைத்திருக்கிறார்களே, அது அநேகமாக யோசித்துச் செய்த காரியமாக இருக்கும். வீணையில் வாசிக்கிற தந்தி நாலு, பக்கத்தில் தாளத் தந்தி மூன்று, ஆக ஏழு. சுருதி கூட்டி நிறுத்திவிட்டால் ஏழும் ராப்பகலாக ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நுனி குடத்துப் பக்கம் இருக்கும் நாகபாசம் என்ற பிடிப்பில், மறுநுனி முறுக்கி இறுக்குகிற பிருடையில், நடுவில் தந்தியைத் தாங்கும் குதிரை அந்தச் சுமையைப் பலகை மேல் அழுத்துகிறது. வாசிக்கிறவர் வீட்டில் என்றால் தினம் ஒரு கை அதன் மேல் படும், தண்டி என்கிற நீளமான கழுத்து லேசாக வளைந்தாலோ பலகை அமுங்கினாலோ உடனே தெரிந்துவிடும், சரிசெய்துவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பல வருஷம் யாரும் தொடாமல் இருக்கிற நூறு வருஷத்து மரத்துக்கு அந்த இழுப்பு ஆகாது. அதனால் தந்தி தன் இடத்தை விட்டு விழாத அளவுக்கு மட்டும் இறுக்கம் வைத்து, மீதியைத் தளர்த்திவிடுவது அங்கே வழக்கம்.

மெட்டு விஷயம் இதைவிட ருசியானது. வீணையின் 24 மெட்டுகளும் ஆணி அடித்து நிற்பவை இல்லை, தேன்மெழுகில் கருப்புப் பொடி கலந்து தண்டியின் இரண்டு ஓரமும் கரை கட்டி, அந்த மெழுகின் மேல் உட்கார வைத்தவை. கொஞ்ச வருஷம் வாசித்தால் மெழுகு அசைந்துவிடும், சுரம் பிசகும், ஆசாரி வந்து பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மெழுகு வைத்து மெட்டுகளை நிறுத்துவார், அதற்குத்தான் மேளம் கட்டுவது என்று பெயர். ஆகவே பழைய வீணை என்று நாம் சொல்லும்போது பழையது பெரும்பாலும் மரம் மட்டும்தான். தந்தி எத்தனையோ தடவை மாறியிருக்கும், மெழுகு மாறியிருக்கும், பிருடை ஒன்றிரண்டு மாறியிருக்கும். அருங்காட்சியகத்துக்கு வந்த நாளோடு அந்த மாற்றம் நின்றுவிடுகிறது. அப்போது மெழுகில் மெட்டு நின்ற இடம், யாரோ ஓர் ஆசாரி யாரோ ஒரு வித்வானின் காதுக்காகக் கடைசியாகக் கட்டிய மேளம். காந்தாரம் கொஞ்சம் தூக்கலா, நிஷாதம் எங்கே நின்றது என்பதை அந்த மெழுகில் இருக்கிற பள்ளத்தை அளந்து சொல்லலாம். நாலு மெட்டு விழுந்துவிட்டதே என்று இன்றைக்கு ஒருவரைக் கூப்பிட்டு மேளம் கட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அந்தச் சாட்சி மட்டும் போய்விடும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. விழுந்த மெட்டு விழுந்ததாகவே இருக்கட்டும்.

தூசி படிந்து கிடந்ததா? அதற்கு மட்டும் நீங்கள் தாராளமாகப் புகார் எழுதலாம்.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: கண்ணாடிக்கு முன்னால் நின்றால் எல்லா வீணையும் ஒன்றுபோலத் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் குடமும் தண்டியும் சேரும் இடத்தைப் பாருங்கள் தம்பி. அங்கே ஒட்டு இல்லாமல் ஒரே மரத்தில் குடைந்து எடுத்திருந்தால் ஏகாண்ட வீணை. பெரிய பலாமரத் துண்டும் பொறுமையான ஆசாரியும் சேர்ந்தால்தான் அது நடக்கும். குடம், தண்டி, யாளி முகம் தனித்தனியாகச் செய்து பொருத்தியது ஒட்டு வீணை, அதிகம் கண்ணில் படுவது இதுதான். பிறகு யாளிக்குக் கீழே தொங்கும் சுரைக்காய். பெயர்தான் சுரைக்காய், பிற்காலத்து வீணைகளில் அது காகிதக் கூழாகவோ தகரமாகவோ ஃபைபராகவோ இருக்கும், நிஜச் சுரைக்குடுக்கை இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். பலகையில் இரண்டு பக்கமும் வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அதைச் சுற்றி இழைத்திருக்கும் வெள்ளை வேலைப்பாடு கொம்பா தந்தமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள், வீணையின் வயதை ஊகிக்க அது உதவும்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. தண்டியின் தலைமாட்டில் இருக்கும் மேருவிலிருந்து குடத்தின் மேல் நிற்கும் குதிரை வரைக்கும் கண்ணால் அளந்து பாதியைக் கண்டுபிடியுங்கள், 12-ஆவது மெட்டு அங்கேதான் நிற்கும், ஏனென்றால் தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி ஷட்ஜம், அதாவது மேல் 'ஸ'. மீதியிருக்கும் பாதியில் மறுபடி பாதி 24-ஆவது மெட்டு. ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி, கணக்கு முடிந்தது. இப்படி எல்லா ராகத்துக்கும் ஒரே மெட்டு வரிசை என்ற யோசனை 1550-இல் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதியிலேயே பேசப்படுகிறது. இன்றைய 24 மெட்டு வடிவத்தைத் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு, அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு, சேர்த்துச் சொல்வது மரபு.

பக்கத்துப் பெட்டிகளில் உள்ளவற்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெட்டே இல்லாமல் நாலு தந்தி மட்டும் இருந்தால் தம்புரா. மெட்டு வளைந்து, தண்டியில் கட்டி நகர்த்துகிற மாதிரி இருந்து, அடியில் இன்னொரு வரிசைத் தந்தி ஓடினால் சிதார். முகத்தில் பலகைக்குப் பதில் தோல் போர்த்தியிருந்து தண்டியில் பளபளவென்று உலோகத் தகடும் இருந்தால் சரோடு, அதன் மூதாதை ஆப்கானிய ரபாப். வீணை மாதிரியே குடமும் தண்டியும் இருந்து மெட்டு மட்டும் இல்லையென்றால் மெட்டு விழுந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது கோட்டுவாத்தியமாக இருக்கலாம், மரக்கட்டையைத் தந்தி மேல் வழுக்கி வாசிப்பது. திருவிடைமருதூர் சகாராமராவ் பிரபலப்படுத்திய வாத்தியம் அது. மயில் உருவத்தில் ஒன்றைப் பார்த்து மயூரி வீணை என்று அட்டையில் படித்தீர்களானால், அதை மீட்ட முடியாது, வில் போட்டு வாசிக்க வேண்டும்.

தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்: வீணை இருக்கட்டும். சிலப்பதிகார யாழ் ஒன்றுகூட எந்த அருங்காட்சியகத்திலும் இல்லையே, ஏன்?

மரமும் தோலும் நரம்பும் நம் ஊர் ஈரத்திலும் கரையானிலும் அவ்வளவு காலம் நிற்காது ஐயா. பானை ஓடு நிற்கும், இரும்பு துருப்பிடித்தாவது நிற்கும், யாழ் நிற்காது. நாம் பார்ப்பதெல்லாம் பிற்காலத்தில் செய்து வைத்த மாதிரிகள். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகளில் இருக்கும் கணக்கை வைத்துத்தான் விபுலானந்தர் தம் யாழ் நூலை எழுதினார், 1947-இல் வெளிவந்தது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம், வீணையில் ஒரே தந்தியை மெட்டுக்கு மெட்டு அழுத்தி அத்தனை சுரத்தையும் எடுக்கிறோம், அழுத்தியதை இழுத்துச் சுரத்தை அசைக்கும் கமகமும் வாங்குகிறோம். யாழ் ஒதுங்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வாசகர், சுரண்டை: வீணை என்றால் தஞ்சாவூர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நம் பக்கத்துக்கு அதில் பங்கே கிடையாதா?

என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள், உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தானே சாம்பவர்வடகரை? ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் பிறந்த ஊர். சித்த வைத்தியத்தில் பெயர் எடுத்து தஞ்சாவூரில் குடியேறினார், சம்பாதித்ததைச் சங்கீதத்தில் போட்டார், 1912-இலிருந்து தன் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார், 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற தலையணைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஸ்தாயிக்கு 22 சுருதி, அதாவது 22 நுண்ணிய சுரப் பங்கு, என்று சாஸ்திரப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஏற்கவில்லை, 24 சமமான பங்கு என்று பழந்தமிழ் நூல்களை வைத்து வாதாடினார். வாய்ப்பேச்சோடு விடவில்லை. 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் பெண்களை அழைத்துப்போய், வீணையை வாசிக்கச் சொல்லி, இதோ கேளுங்கள் என்றார். சுருதிச் சண்டையில் அவர் சொன்னதே முடிவு என்று நான் சொல்ல வரவில்லை, இன்றைக்கும் அது ஓயவில்லை. ஆனால் மேலே கல்லிடைக்குறிச்சி அம்மாவுக்குச் சொன்னேனே, மெழுகில் மெட்டு நின்ற இடம் ஒரு சாட்சி என்று, அந்த இடத்தைப் பற்றித்தான் இவ்வளவு பெரிய புத்தகமும் இவ்வளவு பெரிய சண்டையும்.

எட்டயபுரத்தையும் விட்டுவிடக் கூடாது. இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் பழைய திருநெல்வேலிச் சீமைதான். முத்துசுவாமி தீட்சிதர் வைணிகர், அதாவது வீணை வாசிப்பவர், 1835 தீபாவளி நாளில் அங்கேதான் காலமானார், சமாதியும் அங்கே இருக்கிறது. காசியில் கங்கைக்குள் இறங்கியபோது அவர் கையில் ஒரு வீணை கிடைத்ததாகவும், அதன் யாளி முகம் மேல்நோக்கி இருந்ததாகவும் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. பாட்டைக் கேட்டால் வீணைக்காரர் செய்தது என்று தெரிந்துவிடும், நம் காந்திமதி அம்மன் மேல் ஹேமவதி ராகத்தில் அவர் செய்த ஸ்ரீ காந்திமதீம் ஒன்று போதும், அந்த இழுப்புகளும் நிதானமும் தந்தியில் பிறந்தவை. அவர் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சடித்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனி அடையாளம் போட்டு சுரப்படுத்தியிருக்கிறார். அருங்காட்சியக வீணை எப்படி ஒலித்திருக்கும் என்று ஏங்குகிறவர்கள் கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருக்காமல் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு ஒரு நல்ல வைணிகரிடம் போய் உட்காரலாம்.

இயற்பியல் ஆசிரியை, நாங்குநேரி: வீணை, தம்புரா நாதத்தில் ஒரு ரீங்காரம் வருகிறது, கிதாரில் அது இல்லை. மாணவர்கள் கேட்டார்கள், எனக்குத் திருப்தியாகப் பதில் சொல்ல வரவில்லை.

பதில் குதிரையில் இருக்கிறது டீச்சர். கிதாரில் தந்தி ஒரு கூரான விளிம்பில் உட்கார்ந்து எழும்பும். வீணைக் குதிரையின் மேல் அகலமான உலோகத் தகடு, லேசாக வளைந்தது. தந்தி அதிரும்போது அந்த வளைவில் படுவதும் விடுபடுவதுமாக இருக்கும், தந்தியின் அதிர்கிற நீளம் கணத்துக்குக் கணம் துளித்துளி மாறும், அதில்தான் மேல் சுருதிகள் (ஓவர்டோன்கள்) வரிசையாகக் கிளம்புகின்றன. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் சொருகி ஜீவா வைப்பது இதே வேலையை நுணுக்கமாகச் செய்யத்தான்.

இதை ஆராய்ந்து எழுதியவர் சர் சி.வி. ராமன், 1921-இல். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அங்கே அசையாப் புள்ளி கொண்ட மேல் சுருதி கேட்கக் கூடாது என்பது யங் சொன்ன விதி, பாடத்தில் இருக்கிறதுதானே. நம் வீணையிலும் தம்புராவிலும் அது கேட்கிறது என்று காட்டினார் ராமன். அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர், ஆகவே ஆராய்ச்சிக்கு வாத்தியம் தேடி வெளியே போயிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன்! அடுத்த முறை பெட்டிக்குள் வீணையைப் பார்த்தால் யாளியை விட்டுவிட்டுக் குதிரைத் தகட்டைக் குனிந்து பாருங்கள், தந்தி உரசி உரசி விழுந்த கோடுகள் இருக்கும். நிறைய வாசித்த வீணையா, கூடத்தில் அழகுக்கு நின்றதா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

வாசகர், வீரவநல்லூர்: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். நியூயார்க் அருங்காட்சியகத்தில் நம் வீணை இருக்கிறதென்று படம் அனுப்பினான். எப்படிப் போனது? அடித்துக்கொண்டு போனார்களா?

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. பக்கத்துக் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகத்தில் நின்று, 2019-இல்தானே வீடு திரும்பினார். ஆனால் வாத்தியங்கள் கடல் தாண்டிய கதை பெரும்பாலும் வேறு மாதிரி. கல்கத்தாவில் சௌரீந்திர மோகன் தாகூர் என்று ஒரு ஜமீன்தார் இருந்தார், நம் சங்கீதத்தை உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்று வாத்தியங்களைச் சேகரித்து நாடு நாடாக அவரே அனுப்பிவைத்தார். 1876-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு அவர் அனுப்பியது ஏறத்தாழ நூறு வாத்தியம், பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகம் தொடங்கியதே அதையும் வேறொரு தொகுப்பையும் வைத்துத்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இருக்கும் வாத்தியங்களில் பெரும்பங்கு மேரி எலிசபெத் ஆடம்ஸ் பிரௌன் என்ற அம்மாள் கொடுத்தது. 1889-இல் ஆரம்பித்தவர், மிஷனரிகள், தூதரகத்துக்காரர்கள் என்று ஆள் பிடித்து உலகம் முழுக்கக் கேட்டு வாங்கி 3,000-க்கு மேல் சேர்த்துவிட்டார். கணவர் பெயரில்தான் அந்தத் தொகுப்பு விளங்குகிறது, அந்தக் காலத்து வழக்கம்.

விற்றவருக்கு நியாயமான விலை கிடைத்ததா என்பது தனிக் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்தான். இருந்தாலும் கோயில் சிலையைப் பெயர்த்ததையும் வாத்தியம் கைமாறியதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மகனிடம் அந்தப் படத்தோடு அட்டையில் இருக்கும் எண்ணையும் குறித்து அனுப்பச் சொல்லுங்கள், யார் எப்போது கொடுத்தது என்பதை அந்த எண்ணை வைத்து அவர்கள் இணையத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம்.

பெயர் வேண்டாம், திருநெல்வேலி டவுண்: பாட்டி வீணையில் வெள்ளை இழைப்பு வேலை நிறைய. தந்தம் என்கிறார்கள். ஒரு வியாபாரி நல்ல விலை சொல்கிறார், வெளிநாட்டுக்காரர் வாங்கிக்கொள்வாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தந்தமாக இருந்தால் விற்பது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கு இடமே இல்லை, 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவை அடைத்துவிட்டார்கள். பாட்டி சொத்து, நாங்கள் யானையைக் கொல்லவில்லையே என்ற பேச்சு எடுபடாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ள உரிமைச் சான்று உண்டு, விற்க வழி இல்லை, மாவட்ட வன அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அப்புறம் வெளிநாடு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. வியாபாரிக்கு இது இரண்டும் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவர் கணக்கு.

தந்தமா என்று பார்க்க ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்துவிடாதீர்கள், வீணைதான் பாழாகும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும், ஆனால் இழைப்புத் தகடு மெலிசாக இருப்பதால் எப்போதும் அது கண்ணில் படாது. பல வீணைகளில் இருப்பது மான்கொம்பு, அதையும் விற்கக் கூடாது.

வாசகி, தென்காசி: ஓர் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்துச் சிவன் செப்புத் திருமேனி பார்த்தேன். இரண்டு கையும் எதையோ பிடித்த மாதிரி இருக்கிறது, கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்றவர் அது வீணை என்றார்.

சரியாகச் சொல்லியிருக்கிறார். வீணாதர தட்சிணாமூர்த்தி. வீணையைத் தனியாகச் செய்து கையில் வைத்திருப்பார்கள், அது தொலைந்துபோய்க் கை மட்டும் மீட்டுகிற பாவனையில் நிற்கும். ஒன்று மட்டும், சோழர் காலத்தில் அந்தக் கையில் இருந்திருக்கக்கூடியது இன்றைய தஞ்சாவூர் வீணை இல்லை, கோலில் சுரைக்குடுக்கை கட்டிய மெலிசான வாத்தியம். அந்த விரல் இடைவெளியில் இவ்வளவு பெரிய தண்டி புகவே புகாது, நன்றாகப் பாருங்கள். தட்சிணாமூர்த்தி வாத்தியத்தோடு இருப்பதை நம் பக்கத்திலேயே பார்க்க ஆசையென்றால் கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்குப் போங்கள், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, அங்கே அவர் மிருதங்கம் வாசிக்கிறார்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பாளையங்கோட்டை: அம்மா காலமாகிவிட்டார். அவர் வீணையை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் தம்பிகள் பேசி முடித்திருக்கிறோம். கொடுப்பதற்கு முன் பாலிஷ் போட்டு, புதுத்தந்தி மாட்டிக் கொடுக்கலாமா?

இரண்டு விஷயம். ஒன்று, பாலிஷ் வேண்டவே வேண்டாம். பழைய வண்ணமும் கைபட்டுத் தேய்ந்த இடமும் போய்விட்டால் அவர்களுக்கு அது இன்னொரு பழைய மரம், அவ்வளவுதான். இருக்கிறபடியே கொடுங்கள், உறை, பெட்டி, அறுந்த தந்திச் சுருள், எண்ணெய்க் கிண்ணம் உட்பட. கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: அம்மா யாரிடம் கற்றார், வீணை எந்த ஊர் ஆசாரியிடம் வாங்கியது, என்ன விலை என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, கடைசியாக யார் மேளம் கட்டினது, எந்தக் கீர்த்தனையை அதிகம் வாசிப்பார். வாசிக்கிற புகைப்படம் இருந்தால் ஒரு நகல். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து வாத்தியங்களுக்கு 1931-லேயே பி. சாம்பமூர்த்தி தனிப் பட்டியல் நூல் எழுதினார். அப்படி ஒருவர் உட்கார்ந்து எழுதுவதற்கு விஷயம் வேண்டுமே, அதை வீட்டுக்காரர் சொல்லாவிட்டால் யார் சொல்வது? 'பலாமரம், 20-ஆம் நூற்றாண்டு' என்று ஒரு அட்டை எழுதிச் சார்த்திவிடுவார்கள். எழுத்துமூலமாக ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்த பொருளெல்லாம் காட்சிக்கு வந்துவிடாது, பாதிக்கு மேல் கிட்டங்கியில்தான் இருக்கும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வருத்தப்பட வேண்டாம்.

இரண்டாவது, நீங்கள் கேட்காதது. ஏன் இவ்வளவு அவசரம்? வங்கியில் இருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பக் கேட்க முடியாது. அம்மாவின் வீணை ரொம்ப அபூர்வமான பழைய வேலையாகவோ பெரிய வித்வானிடமிருந்து வந்ததாகவோ இருந்தால் அருங்காட்சியகம்தான் அதற்குச் சரியான இடம், தயங்காதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் அறுபது எழுபது வருஷத்து நல்ல தஞ்சாவூர் ஒட்டு வீணை, தண்டி நேராக, குடம் வெடிக்காமல் இருக்கிறது. அப்படியென்றால் முதலில் உங்கள் தெருவிலோ தெரிந்த பாட்டு வாத்தியாரிடமோ வீணை கற்கிற பிள்ளை யாராவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். புது வீணை வாங்க முடியாமல் வாடகைக்கு எடுத்தும் மாற்றி மாற்றி வாசித்தும் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் மட்டும் தாராளமாகப் புதுத்தந்தி மாட்டுங்கள், மேளம் கட்டுங்கள், பிருடை மாற்றுங்கள், வேண்டுமானால் பாலிஷும் போடுங்கள். பெட்டிக்குள் போகிற வீணையில் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று மேலே பத்தி பத்தியாக எழுதினேனோ, அதையெல்லாம் இதில் செய்தே ஆக வேண்டும்.

இல்லத்தரசி, மேலப்பாளையம்: எதிர்வீட்டு மாமி ஊருக்குப் போகும்போது வீணையை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சித்திரை வெயில், பயமாக இருக்கிறது.

மாடி அறை வேண்டாம், தகரக் கொட்டகை வேண்டாம், மூடிய காருக்குள் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். தேன்மெழுகு உருக அறுபது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் இளகி மெட்டு சாய்வதற்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை, நம் ஊர் வெயிலில் நிற்கும் கார் அந்த வேலையைச் செய்துவிடும். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், பாய் விரித்து அதன் மேல் வையுங்கள். ஏசிக் காற்று நேராக மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மரம் திடீரென்று காய்ந்தால் ஒட்டு விட்டுவிடும். அடியில் மாவு மாதிரி மரத்தூள் விழுந்தால் உளுக்கிறது என்று அர்த்தம், நீங்களாக மருந்து எதையும் அடிக்காமல் மாமிக்குப் போன் பண்ணிவிடுங்கள். பேத்தி ஆசைப்பட்டு ஒரு தடவை மீட்டினால் ஒன்றும் ஆகாது.

வாசகி, சங்கரன்கோவில்: எங்கள் வீட்டு வீணையில் இரண்டு தந்தி இல்லை. சரஸ்வதி பூஜைக்குக் கொலுவில் வைக்கலாமா?

வைக்கலாம், அதிலென்ன. சந்தனமும் குங்குமமும் மட்டும் மரத்தில் நேராக வைக்காதீர்கள், ஈரம் பாலிஷுக்குள் இறங்கி வட்டமாகக் கறை நின்றுவிடும், பிறகு எடுக்கவே முடியாது. உறையின் மேல் வையுங்கள், பூவையும் அதன் மேலேயே சார்த்துங்கள். விளக்கு இரண்டு முழமாவது தள்ளி இருக்கட்டும். தந்தி திருநெல்வேலியில் வாத்தியக் கடைகளில் கிடைக்கும், பூஜை முடிந்ததும் மறக்காமல் வாங்கி மாட்டிவிடுங்கள், முதல் தந்தியான சாரணிக்கு எஃகுத் தந்தி, மூன்றாவதான மந்தரத்துக்குப் பித்தளை அல்லது சுற்றுத் தந்தி என்று கேட்டு வாங்குங்கள்.